கதவு மூடும் காட்சி

டத்தோ கிராமாட், பினாங்கு
3 பிப்ரவரி 2025

திரு. புவனேஸ்வரன் அவர்களுக்கு,

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு ‘சனி வளையம் ரசிகர்கள்’ வாட்ஸ்அப் புலனக் குழுவிலிருந்து என்னை நீக்கினீர்கள். என் கைப்பேசி எண்ணையும் தடை செய்துவிட்டீர்கள். அதனால் பதிவு அஞ்சலில் எழுதுகிறேன். வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாகக் கடிதம் தட்டச்சு செய்கிறவள் நான். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் பிறகு வரவில்லை என்று சொல்ல முடியாது.

என்னை நீக்குவதற்கு முன் இருநூறு பேர் பார்க்க நீங்கள் எழுதிய வரிகள் இவை: “கதவுக் காட்சி என்று ஒன்று படத்தில் இருந்ததே இல்லை. முழுப் படமும் என்னிடம்தான் உள்ளது. இது சிலருடைய அண்ணன்மார் அவிழ்த்துவிட்ட கதை.”

என் அண்ணா மயூரன் இறந்து ஐந்தரை வருஷமாகிறது. அவரால் உங்களுக்குப் பதில் எழுத முடியாது. எனவே நான் எழுதுகிறேன், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

‘சனி வளையம்’ 1986-இல் சென்னையில் எடுத்த படம். சனிக்கிரகத்துக்குப் போகிற விண்கலத்தில் ஐந்து பேர். காற்று நாலு பேருக்குத்தான் மிச்சம். முதலில் வந்த படத்தில், கேப்டன் ஆதவன் பொறியாளர் மீராவை ஏதோ பழுது பார்க்கச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டுக் கதவை மூடிவிடுகிறார். அவள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். தட்டுவது நின்ற பிறகு கேப்டன் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து, “மன்னிச்சிடு மீரா” என்கிறார். படம் ஓடவில்லை. கதாநாயகன் கொலை செய்யலாமா என்று ஆட்கள் கோபப்பட்டதால் தயாரிப்பாளர் இரண்டாவது வாரமே அந்தக் காட்சியை வெட்டி, மீரா விண்கல் மோதி இறந்ததாக ஒரு வசனத்தை ஒட்டினார். பிறகு வந்த பிரதிகள் எல்லாம் வெட்டிய பிரதிகள்தான். மார்க்கெட் ஸ்திரீட் வீடியோ கடையில் அண்ணா வேலை பார்த்தபோது முதல் பிரதி ஒன்று அங்கே வந்தது. அதிலிருந்து அவர் எடுத்த கேசட்டில் அந்தக் காட்சி இருந்தது. நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அந்தக் கேசட்டை அண்ணா உங்களிடம்தான் கொடுத்தார்.

இப்போது சென்னையில் சிலர் படத்தைப் புதுப்பித்து வெளியிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் செய்த ராக்கெட், கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு, “கேப்டன், கதவ மூடுங்க, நான் போறேன்” என்று மீராவே சொல்வதுபோல ஒரு குரல். மீராவாக நடித்தவர் இறந்து பத்து வருஷமாகிறது. அது யாருடைய குரல்? ‘முழுமையான மூலப் பிரதியின்படி’ என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறார்கள். மூலப் பிரதி தந்தவர் என்று உங்கள் பெயர்.

ஏப்ரல் 12-ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் திரையிடல். அதற்கு முன் நீங்கள் எழுதியதைக் குழுவிலேயே திரும்பப் பெற வேண்டும். சென்னைக்காரர்களுக்கும் உண்மையை எழுத வேண்டும்.

தாட்சாயினி


பட்டர்வொர்த்
11 பிப்ரவரி 2025

தங்கச்சி தாட்சாயினிக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது, “என்ன அண்ணே, கோர்ட்டு கேஸா?” என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வேலி ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷம்தானே உனக்கு?

உன்னை ஏன் நீக்கினேன் என்று நீயே யோசித்துப் பார். ஒரே நாளில் நாற்பத்து மூன்று பதிவு போட்டாய். கோகுலனை என் வால் என்று எழுதினாய். அவன் நல்ல பையன், திரையிடலுக்கு மண்டபம் பிடித்து ராப்பகலாக அலைகிறான். குழுவில் குடும்பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். சண்டைக்காக யாரும் அங்கே சேரவில்லை.

மாக் மண்டின் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். அரை மில்லிமீட்டர் பிசகினால் பெட்டியோடு திருப்பி அனுப்புவேன். அந்தப் படத்தை அறுபது எழுபது தடவை பார்த்திருக்கிறேன். இருப்பதைத்தான் இருக்கிறது என்பேன்.

மயூரன் என் உயிர் நண்பன். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வருமா? அவன் கதை சொன்னால் பார்க்காத படத்தையும் பார்த்த மாதிரி இருக்கும், அதைத்தான் எழுதினேன். பதினொரு வயதில் பார்த்ததை ஐம்பது வயதில் சத்தியம் செய்கிறாயே, நியாயமா?

சிவப்பு விளக்கு உனக்குப் பிடிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள். மீரா தானாகவே உயிரைக் கொடுப்பதில் என்ன கேவலம்? பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்க்கலாம். நீ சொல்கிற மாதிரி ஒரு கேப்டனை யார் பார்ப்பார்கள்?

சிலோன்காரர்கள் வீட்டில் எதையும் வக்கீல் பாஷையில்தான் பேசுவீர்களா? போன் இருக்கிறது, தடையை எடுத்துவிடுகிறேன். ஒழுங்காகப் பேசுவதாக இருந்தால் கூப்பிடு.

புவனா அண்ணன்


டத்தோ கிராமாட்
17 பிப்ரவரி 2025

திரு. புவனேஸ்வரன் அவர்களுக்கு,

என்னைத் தங்கச்சி என்று எழுத வேண்டாம். நான் கூப்பிடப் போவதும் இல்லை.

தரக்கட்டுப்பாடு என்றீர்கள். கேளுங்கள்.

அண்ணா கடையில் எடுத்த ஒவ்வொரு கேசட்டுக்கும் நோட்டுப் புத்தகத்தில் படத்தின் பெயர், நேரம் எழுதிவைப்பார். நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. ‘சனி வளையம், 2 மணி 27 நிமிடம், நல்ல பிரதி.’ நீங்கள் 2021-இல் கேசட்டிலிருந்து எடுத்து எங்களுக்கெல்லாம் அனுப்பிய பிரதி 2 மணி 22 நிமிடம் சொச்சம். மீதி எங்கே?

நீங்கள் அனுப்பியதை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். மீரா விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு நடக்கிறாள். பின்னால் இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கிறது. அடுத்த நொடி திரையில் சனியின் வளையம் வருகிறது. உறுமல் பாதியில் அறுந்து நிற்கிறது. கத்தரித்து ஒட்டினால்தான் அப்படி அறும். படம் எடுத்தவர்கள் வெட்டியிருந்தால் விண்கல் வசனத்தையாவது ஒட்டியிருப்பார்கள். உங்கள் பிரதியில் அதுவும் இல்லை. மீரா எப்படிச் செத்தாள் என்றே தெரியாமல் எல்லாரும் அழுகிறார்கள். அறுபது எழுபது தடவை பார்த்த உங்கள் காதில் இது விழவில்லையா?

இன்னொன்று. அண்ணாவின் கைப்பேசி என்னிடம் இருக்கிறது. 2019 ஜூன் 12, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து உங்களுக்கு எழுதியிருக்கிறார்: “புவனா, அந்த சனி வளையம் கேசட்ட ஒரு தடவ பாக்கணும்டா. கொண்டு வாயேன்.” நீங்கள் எழுதிய பதில்: “பூஞ்சை பிடிச்சுப் போச்சுடா மயூ. தூக்கிப் போட்டுட்டேன். சாரி.”

ஜூலை 2-ஆம் தேதி அண்ணா போய்விட்டார். நீங்கள் தூக்கிப்போட்ட கேசட் இரண்டு வருஷம் கழித்து எப்படி உயிர்த்து வந்தது?

இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

தாட்சாயினி


பட்டர்வொர்த்
21 பிப்ரவரி 2025

திருமதி வக்கீலம்மாவுக்கு,

செத்துப்போனவனின் போனைத் தோண்டிப் படிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கேசட் எனக்கு அவன் கொடுத்தது. கொடுத்தது கொடுத்ததுதான். அதை என்ன செய்தேன், எங்கே வைத்தேன் என்று யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கிப் போட்டதாக நினைத்தேன், பிறகு கிடைத்தது. அவ்வளவுதான்.

12-ஆம் தேதி திரையிடலுக்கு நீங்கள் வர வேண்டாம். வந்து கலாட்டா செய்தால் கோகுலனிடம் சொல்லி வாசலிலேயே நிறுத்துவேன். இனி வருகிற கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கமாட்டேன்.

புவனேஸ்வரன்


டத்தோ கிராமாட்
3 மார்ச் 2025

திரு. புவனேஸ்வரன் அவர்களுக்கு,

சொன்னபடியே என் கடிதத்தை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினீர்கள். அதனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை நானே கடிதத்தை எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறி உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தீர்கள். இந்நேரம் உங்கள் மகள் சுபாஷினி சொல்லியிருப்பாள். என்ன பேசினோம் என்பதைச் சொன்னாளோ இல்லையோ, நான் சொல்கிறேன், இந்தத் தடவை கையெழுத்து வேண்டாத சாதாரணத் தபாலில். மறைவாக எதையும் செய்யும் வழக்கம் எனக்கில்லை.

உங்கள் மகள் என்னை வாசலில் நிற்க விடவில்லை. “மயூரன் மாமா தங்கச்சியா? உள்ள வாங்க ஆண்ட்டி, வெயில்ல நிக்காதீங்க” என்றாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். நான் சண்டைக்கு வந்தவள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நீங்கள் வீட்டில் எதையும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கேசட்டைப் பற்றிக் கேட்டேன். அவள் சிரித்தாள். “அதுவா? அப்பா யாரையும் தொட விடமாட்டாருலா. அதுலதான் அம்மா பாடுனது இருக்கு. சின்ன வயசுல நான் போட்டுப் பாப்பேன். படம் ஓடிக்கிட்டே இருக்கும், அந்தப் பொம்பள வெள்ளை சட்டைய மாட்டிக்கிட்டு நடப்பாங்க, டக்குனு எங்கம்மா வந்துருவாங்க. கோயில்ல உக்காந்து பாடுவாங்க. அம்மா நடமாடுற படம் வேற எங்கயும் இல்ல ஆண்ட்டி.”

தேத்தண்ணியை முழுசாகக் குடிக்க முடியவில்லை. திரும்பும் ஃபெரியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன்.

காட்சி இருந்தது. அதன் மேல் வேறொன்றைப் பதிந்தது நீங்கள். அதை மறைக்கத்தான் காட்சியே இல்லை என்கிறீர்கள். சரியா இல்லையா?

தாட்சாயினி


பட்டர்வொர்த்
7 மார்ச் 2025

தாட்சாயினி,

நான் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டுக்குள் வந்து, என் மகள் கையால் வாங்கிக் குடித்துக்கொண்டே அவள் வாயைப் பிடுங்கியிருக்கிறாய். இதற்குப் பெயர் என்ன என்று உன் ஆபீஸில் கேட்டுச் சொல். மயூரன் இருந்தால் உன்னை அறைந்திருப்பான்.

இரண்டு நாள் இந்தக் கடிதத்தை இதோடு நிறுத்திவைத்திருந்தேன். மேலே எழுதியதை அடிக்கப்போவதில்லை. மீதியையும் படி.

ருக்குமணிக்கு அந்தக் கதவுக் காட்சி ஆகாது. அந்தப் பெண் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தால், “நிறுத்துங்க, என்னால பாக்க முடியல” என்பாள். கடைசியாக நாங்கள் சேர்ந்து பார்த்தபோது தட்டுவதற்கு முன்பே, அந்தப் பெண் நடந்து போகும் இடத்திலேயே நிறுத்திவிட்டேன். கேசட்டை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன்.

1997 நவராத்திரியில் அவள் கோயிலில் பாடினாள். என்னோடு வேலை பார்த்த அஸ்லான் புது வீடியோ கேமரா வாங்கியிருந்தான், ஆசைக்கு அதை எடுத்தான். மறுநாள் சரவாக்குக்கு மாற்றலாகிப் போகிறான். பகல் இரண்டு மணிக்கு வந்து, “புவன், சீக்கிரம் காப்பி பண்ணிக்க, நாலு மணிக்கு ஏர்போர்ட் போகணும்” என்றான். வீட்டில் வெறும் கேசட் இல்லை. ‘சனி வளையம்’ கேசட்டில் படம் முடிந்த பிறகு அரை மணி நேரம் காலியாக இருக்கும், அது ஞாபகம் வந்தது. கடைசியில்தான் நிற்கிறது என்று நினைத்துப் பொத்தானை அழுத்தினேன். அவள் சரிபார்க்கச் சொன்னாள். அவசரம், பார்க்கவில்லை. தரக்கட்டுப்பாடு.

அஸ்லான் தன் கேமரா கேசட்டில் வேறெதையோ எடுத்து அதை அழித்துவிட்டான். இரண்டு வருஷம் கழித்துத்தான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று பார்த்தேன். அப்போது ருக்குமணிக்கு உடம்பு சரியில்லை. 2001-இல் போய்விட்டாள். அதன் பிறகு அந்த நாலரை நிமிஷம் எனக்கு எதுவாக இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மயூவிடம் எந்த முகத்தோடு சொல்வது? உலகத்திலேயே ஒரு பிரதிதான்டா, பத்திரம் என்று கொடுத்தவன். ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்ல நினைத்தேன். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டபோது கை தானாகப் பூஞ்சை என்று எழுதிவிட்டது.

2021-இல் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது ருக்குமணி வரும் இடத்தை வெட்டினேன். அவளை இருநூறு பேர் பார்த்துக் கருத்துச் சொல்வதை என்னால் தாங்க முடியாது. பிறகு சென்னைக்காரர்கள் கேட்டார்கள், அதையே கொடுத்தேன். முழுப் படமா என்றார்கள். ஆமாம் என்றேன்.

இப்போது தெரிந்துவிட்டது. என்ன செய்யப் போகிறாய்?

புவனேஸ்வரன்


டத்தோ கிராமாட்
14 மார்ச் 2025

திரு. புவனேஸ்வரன் அவர்களுக்கு,

ருக்குமணி அக்காவை எனக்குத் தெரியும். எங்கள் அம்மா இறந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று சமைத்தவர். அவரைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்லமாட்டேன். அவர் பாட்டின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

உங்கள் மேல் இருக்கிறது. போன மாதத்தைவிட இப்போது அதிகமாக இருக்கிறது.

1999-இல் அண்ணாவிடம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கொஞ்ச நேரம் கத்தியிருப்பார். “விடுடா, அக்கா பாட்டுக்கு முன்னாடி அந்தப் படம் என்னடா” என்றிருப்பார். உங்களுக்கும் அது தெரியும். அவரை அந்த அளவுக்குக்கூட நம்பவில்லை நீங்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. “புவனாகிட்ட இருக்கு, கேட்டாக் கொண்டு வருவான்” என்று இரண்டு நாள் எல்லாரிடமும் சொன்னார். நூர் ஃபாத்திஹா என்று ஒரு தாதி. “எங்கப்பாவோட பழைய வீடியோ டெக் வீட்ல சும்மாதான் இருக்கு அங்கிள்” என்று அதைத் துணியில் சுற்றி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தாள். அது வந்த அன்றுதான் உங்கள் பதிலும் வந்தது. டெக் பதினெட்டு நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. திருப்பி எடுத்துப் போகச் சொல்ல அண்ணாவுக்கு மனசு வரவில்லை. அண்ணா போன பிறகு அந்தப் பிள்ளையிடம் அதைத் திருப்பிக் கொடுத்தது நான்.

என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். கேசட்டை எனக்கு ஒரு வாரம் அனுப்புங்கள். காட்சியில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். அக்கா பாடுவதை யாருக்கும் காட்டமாட்டேன். பிறகு 12-ஆம் தேதி மண்டபத்தில் நீங்களே எழுந்து உண்மையைச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். வாசலில் நிறுத்தினால் வாசலிலிருந்து சொல்வேன்.

தாட்சாயினி


பட்டர்வொர்த்
20 மார்ச் 2025

தாட்சாயினிக்கு,

டெக் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை.

கேசட்டைச் சுபாஷினியிடம் கொடுத்தனுப்புகிறேன். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். மற்றதை நீ சொல்லாதே. வேகமாக முன்னும் பின்னும் ஓட்டக்கூடாது, நாடா மெலிந்துவிட்டது. போட்டு அப்படியே ஓட விடு.

மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. நீயே பார்த்துக்கொள். நான் முன்கூட்டிச் சொன்னால் நம்பமாட்டாய்.

மண்டபத்தில் பேசுவதைப் பற்றி இப்போது எந்த வாக்கும் தரமாட்டேன். மிரட்டலுக்குப் பயந்து செய்ததாக இருக்கக் கூடாது.

புவனேஸ்வரன்


டத்தோ கிராமாட்
2 ஏப்ரல் 2025

திரு. புவனேஸ்வரன் அவர்களுக்கு,

குவீன் ஸ்திரீட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் குணாளனிடம் கேசட்டைக் கொடுத்தேன். அவர் இயந்திரத்தை ஓட விட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் மட்டும்தான் பார்த்தேன்.

மீரா நடக்கிறாள். அக்கா வருகிறார். பச்சைப் புடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கிறார். பாட்டு முடிகிற இடத்தில் கேமரா ஒரு தடவை முன்வரிசைப் பக்கம் திரும்புகிறது. அங்கே அண்ணா உட்கார்ந்திருக்கிறார். மடியில் சுபாஷினி. அவள் கையைப் பிடித்துத் தாளம் போட வைக்கிறார், அதுவும் தப்புத் தப்பாக. நாலைந்து நொடி இருக்கும். எங்கள் வீட்டில் அண்ணாவின் புகைப்படங்கள்தான் இருக்கின்றன. அவர் அசைந்து நான் பார்த்து ஐந்தரை வருஷத்துக்கு மேலாயிற்று. இத்தனை வருஷம் இதையும் உங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதற்கடுத்துப் பதினொரு நொடி கதவுக் காட்சி மிச்சம் இருக்கிறது. நான் சொன்னது உண்மை. காட்சி இருந்தது. வெட்டும்போது இந்தப் பதினொரு நொடியையும் சேர்த்து வெட்டியிருக்கிறீர்கள்.

ஆனால் அதில் இருப்பது நான் சொன்னது அல்ல.

தட்டும் சத்தம் இன்னும் கேட்கிறது. கேப்டன் கண்ணாடிப் பக்கமே இல்லை. மீராவின் நாற்காலியில் வந்து உட்காருகிறார். நாற்காலி அவருக்கு உயரம் போதவில்லை. கீழே கைவிட்டு ஏதோ பிடியை இழுத்து உயரத்தைச் சரி செய்துகொள்கிறார். தட்டுவது கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிறகு வளையம் வருகிறது. நெற்றியை வைக்கவில்லை. மன்னிச்சிடு என்று யாரும் சொல்லவில்லை.

நாலு தடவை பார்த்தேன். பிறகு கடைக்கு வெளியே வந்து, வெயிலிலேயே நின்றேன். நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. மார்க்கெட் ஸ்திரீட் கடையின் பின் அறை. மீரா தட்ட ஆரம்பித்ததும் நான் அழுதிருக்கிறேன். அண்ணா என் கண்ணைப் பொத்தினார். கையில் கேசட் இயந்திரம் துடைக்கிற ஸ்பிரிட் வாசனை. பொத்திக்கொண்டே காதில் சொன்னார்: “அழாத தாட்சா, கேப்டன் மன்னிப்புக் கேக்குறாரு. கண்ணாடில நெத்திய வெச்சு அழறாரு.” முப்பத்தொன்பது வருஷமாக நான் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். பார்த்தது அவருடைய உள்ளங்கையை.

அண்ணன் அவிழ்த்துவிட்ட கதை என்று எழுதினீர்கள். பாதி சரி. இதை உங்களுக்கு எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படிச் செய்தால் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும், அதற்காக எழுதுகிறேன்.

பதினொரு நொடியைத் தனியாக எடுத்து ஒரு பென்டிரைவில் இதோடு வைத்திருக்கிறேன். 12-ஆம் தேதி நான் வரப்போவதில்லை. நான் வந்து நின்றால் நீங்கள் என் முகத்துக்காகப் பேசினதாகிவிடும். பேசுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

தாட்சாயினி


பட்டர்வொர்த்
16 ஏப்ரல் 2025

தாட்சாயினிக்கு,

முதலில் மயூ விஷயம். நம்பினால் நம்பு, அவன் அங்கே உட்கார்ந்திருந்ததை நான் கவனித்ததே இல்லை. பாட்டு முடியும் இடத்தில் நான் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன், குரல் போகிறதே என்று. உன் கடிதம் வந்த பிறகு மறுபடி யோசித்தேன். அன்றைக்குப் பிள்ளையை யார் வைத்திருந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். கோகுலன் அவன் வசதிக்குத் தகுந்த மாதிரி சொல்வான்.

படம் முடிந்து கலந்துரையாடல். சென்னையிலிருந்து வந்தவர் பேசினார். கோகுலன் என்னை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டான். மைக்கைக் கொடுத்தான். பென்டிரைவை ஓட விடச் சொன்னேன். பதினொரு நொடியும் ஓடியது. பிறகு ஒரு பெண், “இது எங்கருந்து வந்துச்சு அங்கிள்?” என்று கேட்டாள். சொன்னேன். கேசட் யாருடையது, அதன் மேல் என்ன பதிந்தேன், எதை வெட்டினேன், சென்னைக்காரர்களிடம் என்ன சொன்னேன், எல்லாம். உன் பெயரைச் சொல்லி, அவர் சொன்னது உண்மை, நான் எழுதியது பொய் என்று சொன்னேன். நீ பார்த்தது அண்ணனின் கையை என்பதைச் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். யாரும் மேலே கேட்கவில்லை. ஆனால் மயூ ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டதையும் நான் எழுதிய பதிலையும் சொன்னேன். அந்த டெக்கைப் பற்றிச் சொல்லும்போது பாதியில் நிறுத்தினேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்லி முடித்தேன்.

கோகுலன், “அப்போ நாலு வருஷமா எங்கள முட்டாளாக்கிட்டீங்களா அண்ணே?” என்றான். ஆமாம்பா என்றேன். பின்னாலிருந்து ஒருவர், “மாலையைக் கழட்டுய்யா” என்று கத்தினார். நானே கழற்றி மேசையில் வைத்தேன். சென்னைக்காரர் படத்தில் எதையும் மாற்ற முடியாது என்றார். சுவரொட்டியில் ‘மூலப் பிரதியின்படி’ என்பதை மட்டும் எடுத்துவிடுவார்களாம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். மறுநாள் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அங்கே இப்போது கேப்டன் நாற்காலியை ஏன் உயர்த்தினார் என்று அடித்துக்கொள்வதாகக் கேள்வி.

சுபாஷினி மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவளிடம் நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். மயூரன் மாமா கேட்டதையும் நான் இல்லை என்றதையும் அவள் அந்த மண்டபத்தில்தான் முதல் தடவையாகக் கேட்டாள். திரும்பும் ஃபெரியில் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்றோடு நாலு நாள். சோறு வடித்து மேசையில் மூடி வைக்கிறாள், வேலைக்குப் போகிறாள், வருகிறாள், அறைக்குள் போய்விடுகிறாள். “எனக்கு அம்மாவக் காட்டுறதுக்காகன்னு சொல்லாதீங்கப்பா” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் அப்படிச் சொல்லவும் இல்லை.

இதையெல்லாம் எழுதுவது நீ பரிதாபப்பட வேண்டும் என்பதற்காக அல்ல. எழுத்தில் இருக்கட்டும் என்று நீதான் கேட்டாய். கீழே முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் காட்டு.

மயூவிடம் மன்னிப்புக் கேட்கும் காலம் போய்விட்டது. உன்னிடம் கேட்கிறேன்.

ஆ. புவனேஸ்வரன்


டத்தோ கிராமாட்
21 ஏப்ரல் 2025

புவனேஸ்வரன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. அதை எங்கும் காட்டப்போவதில்லை.

குழுவில் என்னை மறுபடி சேர்த்திருக்கிறார்கள். அண்ணா என் கண்ணைப் பொத்தியதை நேற்று எழுதினேன். இருநூறு பேரில் ஒருவர், “அப்போ நீங்களும் பொய்தானா?” என்று கேட்டார். பொய் இல்லை, தெரியாமல் சொன்னது என்று பதில் எழுதிவிட்டுக் குழுவிலிருந்து நானே வெளியேறிவிட்டேன். அங்கே எனக்கு இனி வேலை இல்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. நீங்கள் மேடையில் பேசியதற்குத் துணிச்சல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பதினெட்டு நாளை அது என்ன செய்யும்?

நேற்றுச் சுபாஷினியைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். கேசட்டை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அண்ணா வரும் அந்த நாலைந்து நொடியை மட்டும் நகல் எடுத்துக்கொண்டேன், மடியில் இருப்பது நீதான் என்று சொன்னேன். அவளுக்கும் அது தெரியாது. ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

பிறகு, “அப்பாவோட பேசும்மா” என்றேன்.

“நீங்க எங்கப்பாவ மன்னிச்சிட்டீங்களா ஆண்ட்டி?”

“இல்லம்மா.”

“அப்புறம் என்னைய மட்டும் ஏன் பேசச் சொல்றீங்க?”

“நீ அவரோட மகள். நான் மயூரனோட தங்கச்சி. எனக்குக் கோபப்பட இன்னும் காலம் இருக்கு. அவருக்கு நீ ஒருத்திதானே.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன் ஆண்ட்டி” என்று வைத்துவிட்டாள்.

இதை உங்களுக்காகச் செய்ததாக நினைக்க வேண்டாம். எனக்குப் பதில் எழுதவும் வேண்டாம். அவளே பேச வருவாள் என்று உட்கார்ந்திருக்காமல், நீங்களாகப் போய் அவள் அறைக் கதவைத் தட்டுங்கள். திறக்கும்வரை தட்டுங்கள்.

தாட்சாயினி